மானுக்குப் பிணை நின்ற படலம்: ஒரு மறுநோக்கு

உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம், விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5027 விருத்தங்களும் கொண்ட பெருங்காப்பியமாகும். இத்துணைப் பெரிய நூலில் நம் இல்லங்களில் பெயர் சொல்லி வழங்கும் படலங்கள் எத்தனை என்று எண்ணப் புகுந்தால், ஒரு கை விரல்களே மிகுதி. அச்சிலவற்றுள் முன்னிற்பது நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் மானுக்குப் பிணை நின்ற படலம். மீலாது மேடைகளில் அது விரித்துரைக்கப்பட்டதுண்டு. பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றதுண்டு. உறங்கப் போகும் குழந்தைகளுக்குப் பாட்டிமார் கதையாகச் சொன்னதும் உண்டு.

மிகப் பழகிய பொருளை மனிதன் உற்று நோக்குவதில்லை. இப்படலத்திற்கும் அதுவே நேர்ந்தது. படிப்போரில் ஒரு சாரார் இதனை அற்புதச் செய்தி என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றனர். மான் பேசியது என்பதே அவர்களுக்கு வியப்பு. மற்றொரு சாரார் வாய்மைக் கதையாகக் கொள்கின்றனர்; மான் சொன்ன சொல் தவறாது மீண்டது என்பதே அவர்களுக்குப் பாடம். இரண்டும் பிழையல்ல. ஆயினும் புலவர் இப்படலத்திற்கு இட்ட பெயரில் மான் பேசியதும் இல்லை, மான் மீண்டதும் இல்லை. பிணை நின்றதே உள்ளது. பெயரில் எது நிற்கின்றதோ அதுவே படலத்தின் உயிர் என்பது நம் கருத்து. அக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படலத்தின் அமைப்பு

கதை சிறியது. வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றான். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே எழுந்தருளுகின்றார்கள். மான் அவர்களை நோக்கித் தன் நிலையை உரைக்கின்றது. பால் மறவாத கன்று தன்னைத் தேடிப் பசித்திருக்கும். சென்று பாலூட்டி மீண்டு வந்துவிடுகின்றேன். அதற்குரிய பொழுதை மட்டும் பெற்றுத் தாருங்கள் என்பதே அதன் வேண்டுகோள். வேடன் நம்பவில்லை. கானகம் புகுந்த மான் மீண்டு வந்ததாக யார் கேட்டதுண்டு என்பது அவன் ஐயம். பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே பிணையாக நிற்கின்றார்கள். மான் செல்கின்றது. அதன் இனம் திரும்பிப் போகாதே என்று தடுக்கின்றது. மானோ, தனக்காகப் பிணை நின்றவரை எண்ணி மீள்கின்றது. கன்றும் தாயைப் பிரிய மாட்டாது உடன் வருகின்றது. கண்ட வேடனின் உள்ளம் உருகுகின்றது. மானை விடுவித்து அவன் தீன்நெறியில் சேர்கின்றான்.

இதில் மூன்று பார்வைகள் உள்ளன என்பதை முதற்கண் நோக்க வேண்டும். வேடன் மானைப் பார்க்கின்றான். அவன் கண்ணுக்குத் தெரிவது அன்றைய உணவு. வழிப்போக்கர் எவரேனும் பார்த்திருந்தால், அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடியது வேட்டையில் அகப்பட்ட ஒரு விலங்கு. பெருமானாரின் (ஸல்) பார்வையில் தெரிவது ஒரு தாய். மான் ஒன்றே, கட்டும் ஒன்றே, மாறியது பார்வை. வேடனிடமிருந்து மறைந்திருந்தது மானின் உடலன்று, அதன் வீடு. அக்கன்று கானகத்தில் எங்கோ ஒரு புதரடியில் கிடக்கின்றது. அது வேடனின் கண்ணெல்லைக்கு அப்பால் உள்ளது. நாம் பிறர்மீது வழங்கும் தீர்ப்புகளில் பெரும்பாலானவை கண்ணெல்லைக்கு அப்பால் உள்ள கன்றை அறியாது வழங்கும் தீர்ப்புகளே அல்லவா?

அடுத்து நோக்கத்தக்கது, மான் உயிர்ப்பிச்சை கேட்கவில்லை என்பது. அது கேட்பது தவணை. தன்னை விட்டுவிடு என்று அது மன்றாடியிருந்தால், படலம் இரக்கக் கதையாக முடிந்திருக்கும். தன் நிலையைச் சொல்லி, அந்நிலைக்குரிய கடமையை ஆற்றப் பொழுது கேட்டமையால், இது நீதிக்கதையாக உயர்கின்றது. துன்பத்தில் உள்ளவர் எல்லாரும் நம்மிடம் விடுதலை கேட்கின்றார்கள் என்று நாம் அஞ்சுகின்றோம். பெரும்பாலோர் கேட்பது சற்றே பொறுத்திருங்கள் என்பதுதான்.

மூன்றாவது, வேடனின் இடம். உமறு நினைத்திருந்தால் அவனைக் கொடியவனாக்கி, மானின் நன்மையை அவன் தீமையின் எதிரே வைத்துக் காட்டியிருக்கலாம். எளிய கவிஞர் கையாளும் வழி அது. வேட்டையாடியது குற்றம் என்று பெருமானார் (ஸல்) அவனைக் கடிந்ததாகப் படலத்தில் இல்லை. ஷரீஅத்தின்படி வேட்டை ஹலாலான தொழில். பிடித்த மான் அவனுக்கு உரிய பொருள். அவனுடைய ஐயமும் நியாயமானதே. மான் மீளாது என்பது உலகியல்பு. ஆகவே இப்படலத்தில் குற்றவாளி என்று எவரும் இல்லை. உரிமையுடைய ஒருவன் இருக்கின்றான். தேவையுடைய ஓர் உயிர் இருக்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையில்தான் பெருமானார் (ஸல்) நிற்கின்றார்கள்.

பிணை என்னும் சொல்

தமிழில் கலை என்பது ஆண்மான். பிணை என்பது பெண்மான். அதே பிணை என்னும் சொல் ஜாமீனையும் குறிக்கும். பிணைக்கு நின்ற பிணை என்னும் நயம் தமிழ்ச்சொல்லிலேயே உறங்கிக் கிடந்தது. அரபியில் இதனைக் கஃபாலத் என்றும், ளமானத் என்றும் ஃபிக்ஹு நூல்கள் கூறும். கஃபாலத் பற்றிய பாடத்தை நாம் மதரஸாக்களில் கற்பிக்கும்போது மாணவர்க்கு முதலில் உணர்த்துவது ஒன்று: பிணை நிற்பவன் வெறும் பரிந்துரைப்பவன் அல்லன். பிணைக்கப்பட்டவன் வாராது போனால், பொறுப்பு பிணை நின்றவனைச் சாரும்.

படலத்தின் உட்பொருள் இங்கேதான் உள்ளது. இரக்கம் காட்டு என்று வேடனுக்கு அறிவுரை கூறி நகர்ந்து செல்வது எளிது. அவ்வாறு செய்தால், அந்த இரக்கத்தின் செலவு முழுவதும் வேடனின் தலையில் விழும். இரங்கச் சொன்னவருக்கு ஒரு காசும் செலவில்லை. அண்ணலார் (ஸல்) அவ்வாறு செய்யவில்லை. மானின் நிலையைக் கேட்டு நம்பினார்கள். அந்நம்பிக்கையின் விலையைத் தம்மீதே ஏற்றுக்கொண்டார்கள். வேடனின் உரிமை குறைவின்றி நின்றது. மானின் தேவையும் நிறைவேறியது. பிறர் நிலையறிந்து நடத்தல் என்பது நாவின் நயமன்று. தன் தோளில் ஒரு சுமையை ஏற்பது.

தமிழ்க் காப்பிய மரபை உணர்ந்தவர் இங்கே சிலப்பதிகாரத்தை நினையாதிரார். பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்ட அளவில், எதிர்த்தரப்பை அழைத்து விசாரியாமல், பாண்டியன் கோவலனைக் கொல்லப் பணித்தான். பின்னர் உண்மை உணர்ந்து அரியணையிலேயே உயிர்விட்டான். அங்கே ஒரு பக்கத்தின் சொல் மட்டுமே கேட்கப்பட்டது. இங்கே வேடன் சொல்லும் கேட்கப்பட்டது. வாயில்லாப் பிராணியின் சொல்லும் கேட்கப்பட்டது. ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, வழக்காளர் இருவர் வந்தால் இரண்டாமவர் சொல்லையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்கலாகாது என்று பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். படலத்தில் வரும் அண்ணலாரின் நடத்தை இந்நபிமொழியின் காப்பிய வடிவமே என்று நாம் கூறுவோம்.

அறிவிப்பின் வலிமை பற்றி

இங்கே நம்மவரிடமிருந்து எழும் ஒரு மறுப்பை ஒதுக்கிச் செல்வது முறையன்று. மான் பேசிய செய்தியின் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது. வலுவற்ற செய்தியைப் பாடிய புலவரை எவ்வாறு போற்றலாம் என்பது அம்மறுப்பு. செய்தியை அபூ நுஐமும் பைஹகீயும் தம் தலாயிலுந் நுபுவ்வா நூல்களில் எடுத்தெழுதியுள்ளனர். இதற்கு அடிப்படை இல்லை என்று இப்னு கஸீர் (ரஹ்) மறுத்துள்ளார். அம்மறுப்பை எடுத்துக்காட்டிய ஸகாவீ (ரஹ்), மான் பேசியதாகப் பொதுப்பட வரும் அறிவிப்புகள் பலவாதலின் அவை ஒன்றுக்கொன்று வலுவூட்டும் என்றும் சேர்த்தே எழுதினார். ஆகவே இச்செய்தியைக் கொண்டு சட்டம் வகுப்பார் எவரும் இலர், வகுக்கவும் கூடாது. புகழ்ப்பாடல்களில் நெடுங்காலம் வழங்கி வந்த ஒரு செய்தியைப் புலவர் காப்பியத்தில் அமைத்தார் என்ற அளவில் கொள்வதே நடுநிலை. மேலே நாம் எடுத்துக்காட்டிய அறம் இச்செய்தி ஒன்றையே சார்ந்து நிற்பதன்று. அதற்கு ஐயத்திற்கிடமற்ற சான்றுகள் உள. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

வலுவற்ற அறிவிப்பு என்று கூறியவுடன், அக்கலையை வளர்த்த பெரியோரின் நெறியையும் கூறியாக வேண்டும். ஜரஹ் தஃதீல் என்னும் அறிவிப்பாளர் ஆய்வுக் கலை, ஆயிரக்கணக்கான மனிதரைப் பற்றித் தீர்ப்புக் கூறிய கலை. இவர் நம்பத்தக்கவர், இவர் மறதியாளர், இவர் பொய்யர் என்றெல்லாம் பெயர் குறித்து எழுதியது அது. பிறரைப் பற்றிப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட அக்கலையில், பேசுவோருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு மிகக் கடுமையானது. குறை கூறுபவர் காரணத்தை விளக்கிக் கூற வேண்டும். காரணம் கூறாத பழி ஏற்கத்தக்கதன்று என்பது இமாம்கள் பலரின் முடிவு. ஏனெனில், ஒருவர் குறையென்று கருதுவது உண்மையில் குறையாகவே இராது.

இப்னுஸ் ஸலாஹ் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 643) தம் முகத்திமாவில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். ஷுஃபா (ரஹ்) ஹதீஸ் துறையின் பேரிமாம்களில் ஒருவர். ஓர் அறிவிப்பாளரின் ஹதீஸை ஏன் விட்டீர்கள் என்று அவரிடம் கேட்டபோது, அம்மனிதர் குதிரையை விரைந்து ஓட்டிச் சென்றதைக் கண்டேன் என்பதே அவர் தந்த விடை. குதிரையை விரைந்து ஓட்டியவன் ஏன் ஓட்டினான்? வீட்டில் நோயாளி இருந்தாரோ, வழியில் பகைவர் இருந்தனரோ, யார் அறிவார்? பேரிமாம் ஒருவரின் சொல்லேயாயினும், காரணத்தைக் கேட்டு நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்றாயிற்று. மேலும், ஒரே காலத்தில் ஒரே துறையில் வாழ்ந்தோர் ஒருவரைப் பற்றி மற்றவர் கூறும் பழியை மடித்து வைத்துவிட வேண்டும் என்றும் அவர்கள் விதித்தனர். போட்டியும் பொறாமையும் கண்ணை மறைக்கும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். மார்க்கத்தைக் காப்பதற்காகப் பிறர் குறையைப் பேச இசைவு பெற்றவர்களுக்கே இத்துணைக் கட்டுப்பாடு என்றால், திண்ணையில் அமர்ந்து பொழுதைப் போக்குவதற்காகப் பேசும் நமக்கு எத்துணைக் கட்டுப்பாடு வேண்டும்!

புலவரின் உடையும் அப்பாவின் தயக்கமும்

மானின் நிலையைப் பாடிய புலவருக்கே அத்தகைய ஒரு சோதனை நேர்ந்தது என்று நம் செவிவழி வரலாறு கூறுகின்றது. வள்ளல் சீதக்காதியின் ஆதரவால் நபி வரலாற்றைப் பாட முற்பட்ட உமறு, அரபு நூல்களில் உள்ள செய்திகளைப் பெறுவதற்காக ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடிச் சென்றார். எட்டயபுரத்து அரசவைப் புலவருக்குரிய கோலத்தில் சென்ற அவரைக் கண்டு, இவர் முஸ்லிம்தாமோ, இப்பணிக்கு உரியவர்தாமோ என்று அப்பா அவர்கள் தயங்கி, உரை தர இசையவில்லை. மனமுடைந்த உமறு, முதுமொழிமாலை என்னும் நூலைப் பாடி நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பின்னர்க் கனவின் வாயிலாக அப்பா அவர்களுக்கு உண்மை உணர்த்தப்பட்டது. உமறு வேண்டியதைப் பெற அவர்களே வழிசெய்தார்கள் என்பது அவ்வரலாறு.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பலர், ஆலிம்களின் குறுகிய நோக்கைச் சாடுவதற்கு இதனை ஒரு கோலாக எடுத்துக்கொள்கின்றனர். உடையைப் பார்த்து ஒதுக்கியவர் என்று அப்பா அவர்களை ஒரே வரியில் ஒதுக்கிவிடுகின்றனர். எந்தக் குற்றத்தைச் சாடுகின்றார்களோ அதே குற்றத்தை அவ்வரியிலேயே செய்கின்றார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அப்பா அவர்களின் நிலை என்ன என்று அவர்கள் கேட்டார்களா?

அவர்கள் கவிதையின் பகைவர் அல்லர். நபிப் புகழ் பாடும் வித்ரிய்யா என்னும் அரபுக் கஸீதாவுக்குத் தக்மீஸ் யாத்த கவிஞர் அவர்கள். கவிதை எத்துணை ஆற்றல் உடையது என்பதை அறிந்தமையாலேயே அவர்கள் அஞ்சினார்கள். நபியின்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவன் நரகில் தன் இருப்பிடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்னும் கருத்துடைய எச்சரிக்கை, ஹதீஸ்களிலேயே மிக உறுதியானவற்றுள் ஒன்று. தமிழ்ப் பெருங்காப்பியங்களின் தலைவருள் அவதாரமாகப் போற்றப்படுவோரும் உளர். அந்த மரபில் பயின்ற ஒருவரிடம் நாயகத்தின் வரலாற்றை ஒப்படைத்தால், அடியாரும் தூதருமான பெருமானாரை அவர் எவ்வாறு சித்திரிப்பாரோ என்ற கவலை ஓர் ஆலிமுக்கு இயல்பானது. வாயிற்காவலன் தயங்குவது அவன் கடமை. அவர்கள் பார்த்தது உடை. அஞ்சியதோ அமானிதம் பற்றி.

உமறுவின் நிலையும் அவ்வாறே நம் அறிவுக்கு உரியது. கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் அவர். எட்டயபுர அவையில் புலவராக வீற்றிருந்தவர். அவையின் கோலம் அவர் தொழிலின் கோலம். அவ்வுடைக்குள் இருந்த நெஞ்சில் நபிக்காதல் நிறைந்திருந்தது என்பதை உடை எவ்வாறு சொல்லும்?

இருவரும் நல்லவர், இருவரும் தத்தம் கடமையில் நின்றவர், ஆயினும் ஒரு தவறான எண்ணம் இடையில் விளைந்தது. தீயவர்தாம் பிறரைத் தவறாக எடைபோடுவர் என்று நாம் எண்ணுகின்றோம். நல்லவர்க்கும், நன்னோக்கம் உடையவர்க்கும் அது நேரும் என்பதே இவ்வரலாற்றின் பாடம். உண்மை விளங்கியபின் அப்பா அவர்கள் முதற்கருத்தைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. தம் கல்வியையும் தம் பெயரின் மதிப்பையும் உமறுவுக்குத் துணையாக அளித்தார்கள். அதுவும் ஒரு பிணையே. அப்பிணை இல்லையேல் சீறா இல்லை. இந்நிகழ்ச்சி உமறுவின் உள்ளத்தில் இருந்துதான் மான் படலம் பிறந்தது என்று நாம் வலிந்துரைக்க மாட்டோம். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு, படலத்தின் சுவை இரட்டிக்கும் என்பதில் ஐயமில்லை.

உமறுவின் நூலைப் பற்றிய ஒரு பழியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அரபு நாட்டைப் பாடப் புகுந்தவர் வயலையும் மடையையும் தாமரையையும் பாடிவிட்டார், பாலைவனம் அறியாதவர் என்பர் சிலர். காப்பியத்தில் நாட்டுவளம் பாடுவது தமிழ் இலக்கண மரபு. கேட்போர் மருதநிலத்து மக்கள். அவர்களுக்குச் செழிப்பு என்றால் வயல்தான். தம் மக்களின் மொழியில் தம் நாயகத்தின் நாட்டைச் சிறப்பித்தார் என்று காண்பதை விட்டு, நிலநூல் தேர்வு நடத்துவது திறனாய்வாகாது. ஒரு நூலின் காலத்தையும் மரபையும் கேட்போரையும் அறியாது கூறும் குறை, காரணம் விளக்கப்படாத ஜரஹ் போன்றதே.

ஐயத்திற்கிடமற்ற சான்றுகள்

இனி நாம் முன்னர்ச் சொன்ன உறுதியான சான்றுகளுக்கு வருவோம். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மக்கா வெற்றிக்குச் சற்று முன்னர் நிகழ்ந்தது ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்களின் கடித நிகழ்ச்சி. புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்த செய்தி அது. முஸ்லிம்களின் புறப்பாட்டைப் பற்றி மக்கத்துக் குறைஷிகளுக்கு அவர் ஒரு பெண் வழியாக ரகசியக் கடிதம் அனுப்பினார். ரவ்ளத்து காக் என்னுமிடத்தில் அப்பெண்ணை மறித்துக் கடிதம் கைப்பற்றப்பட்டது. போர்க்காலத்தில் இதைவிடப் பெரிய குற்றம் என்ன இருக்க முடியும்? சான்று கையில் உள்ளது, மறுப்பதற்கும் இடமில்லை. ஆயினும் பெருமானார் (ஸல்) அவரை அழைத்து, இது என்ன என்று முதலில் கேட்டார்கள்.

அவசரப்பட்டுவிடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டு ஹாதிப் (ரலி) தம் நிலையைக் கூறினார். தாம் குறைஷிக் குலத்தில் பிறந்தவர் அல்லர். அவர்களைச் சார்ந்து வாழ்ந்தவர். ஏனைய முஹாஜிர்களின் குடும்பத்தைக் காக்க மக்காவில் உறவினர் உளர். தமக்கு எவரும் இலர். ஓர் உதவி செய்து வைத்தால் தம் குடும்பத்தாரை அவர்கள் காப்பர் என்று எண்ணியதல்லாமல், தாம் மார்க்கத்தை விட்டு மாறவில்லை என்றார். அவர் உண்மையே உரைத்தார் என்று அண்ணலார் (ஸல்) அறிவித்தார்கள். வாளை உருவ இசைவு கேட்ட உமர் (ரலி) அவர்களுக்கு, ஹாதிப் பத்ருப் போரில் பங்குகொண்டவர் என்பது நினைவூட்டப்பட்டது.

செயலின் தவறு மறைக்கப்படவில்லை என்பதை இங்கே கருத்தில் இருத்த வேண்டும். மும்தஹினா அத்தியாயத்தின் தொடக்கம் அச்செயலைக் கண்டித்தே இறங்கியது. செயல் தவறு என்பது ஒரு தீர்ப்பு. செய்தவன் துரோகி என்பது வேறொரு தீர்ப்பு. முதலாவதற்குக் கடிதம் போதும். இரண்டாவதற்கு அவன் நெஞ்சையும் நிலையையும் அறிய வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதே நம்முடைய பிழைகள் அனைத்திற்கும் வேர்.

இவர் குடும்பத்தையே சார்ந்த மற்றொரு வழக்கை இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் தந்துள்ளார். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹாதிபின் குடும்பத்து அடிமைகள் முஸைனா குலத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். கரத்தைத் துண்டிக்க உமர் (ரலி) கட்டளையிட்டார்கள். பின்னர் நிலையை உணர்ந்து, அவ்வடிமைகளைப் பட்டினி போட்டிருக்கின்றீர் என்றே காண்கின்றேன் என்று உடையவரை நோக்கிக் கூறி, தண்டனையை அவர்மேல் திருப்பினார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்று அதன் உரிமையாளர் கூற, 800 திர்ஹம் கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று.

மான் படலத்தில் நாம் கண்ட அறம் இங்கே சட்டமாகவே நிற்கின்றது. அடிமையின் பசி அறியப்பட்டது. அதற்காக ஒட்டகம் இழந்தவரின் உரிமை புறக்கணிக்கப்படவில்லை. அவர் இழந்ததைப் போல் இருமடங்கு பெற்றார். நிலையறிந்து நடத்தல் என்பது குற்றத்தை மூடி மறைப்பதற்கோ, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதற்கோ ஒரு போர்வை அன்று. அநீதி இழைத்தவனுக்காக மட்டும் அவன் சூழ்நிலை அப்படி என்று பரிந்து பேசி, அழுதுகொண்டு வந்தவளின் சூழ்நிலையைக் கேளாதிருப்பது, வேடனின் சொல்லை மட்டும் கேட்டு மானின் சொல்லைக் கேளாதிருப்பதேயாகும்.

நம் மஹல்லாவில்

இலக்கியத் திறனாய்வு ஏட்டோடு முடியுமானால் அதனால் ஆவது சிறிது. நம் மஹல்லாக்களில் நாள்தோறும் வழங்கப்படும் தீர்ப்புகளை எண்ணிப் பாருங்கள். அரபு நாட்டில் பொருளீட்டி வந்தவர் பள்ளிவாசல் நிதிக்குச் சிறுதொகை தந்தால், கருமி என்று பெயர் பெறுகின்றார். விசாவுக்காக வாங்கிய கடனும், அக்காளின் திருமணத்திற்காக அடகு வைத்த வீடும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. சுபுஹுத் தொழுகைக்கு ஜமாஅத்தில் காணாத இளைஞர் அலட்சியக்காரர் ஆகின்றார். இரவுப்பணி முடிந்து விடியலில் வீடு திரும்புபவர் என்பதை எவரும் கேட்டறிவதில்லை. கணவனை இழந்தபின் வேலைக்குச் செல்லும் பெண்ணின் நடைக்கு ஆயிரம் கண்கள் காவல் நிற்கின்றன. அவள் அடுப்பு எரிந்ததா என்று பார்க்க ஒரு கண்ணும் இல்லை. மகளின் திருமணம் தள்ளிப்போகும் தகப்பனாரிடம், ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று கேட்பவர்களே, சீர்வரிசையின் பட்டியலை நீட்டுபவர்களாகவும் இருக்கின்றனர்.

ஹுஜுராத் அத்தியாயம், தீயவன் ஒருவன் செய்தி கொணர்ந்தால் தெளிவாக விசாரித்தறியுமாறு ஈமான் கொண்டோரைப் பணிக்கின்றது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதே அதன் எச்சரிக்கை. அதே அத்தியாயம் எண்ணங்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கச் சொல்லி, துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கின்றது. விசாரி என்பதும் துருவாதே என்பதும் முரண் அல்ல. தீர்ப்புச் சொல்லக் கடமைப்பட்டவன் விசாரிக்க வேண்டும். கடமைப்படாதவன் வாயை மூட வேண்டும். நாம் செய்வதோ இதன் தலைகீழ்: பஞ்சாயத்தில் அமர்ந்தால் விசாரிப்பதில்லை, அண்டை வீட்டைப் பற்றியென்றால் துருவாது விடுவதில்லை.

சரி, பிறர் நிலை தெரியாதபோது என்ன செய்வது? மான் பேசிற்று; நம் அண்டை வீட்டார் பேசுவதில்லை. தம் வறுமையை மறைத்துத் தன்மானத்தோடு இருப்போரை, அறியாதவன் செல்வர் என்றே எண்ணுவான் என்று திருமறையின் பகரா அத்தியாயமே உணர்த்துகின்றது. அவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு கொடுமையே. ஆகவே, கன்று கண்ணில் படாவிட்டாலும் ஒரு கன்று இருக்கக்கூடும் என்று எண்ணுவதே நல்லெண்ணம். ஹுஸ்னுழ் ழன் என்று நம் பெரியோர் கூறியது அதனையே. அவ்வெண்ணத்திற்கு ஒரு படி மேலே சென்று, அவர்களுக்காக ஓர் அவையில் ஒரு சொல் சொல்லவும், ஒரு கடனுக்குத் தவணை பெற்றுத் தரவும், வேண்டுமாயின் தம் பணத்தையே பொறுப்பாக வைக்கவும் முன்வருபவரே படலத்தை உண்மையில் படித்தவராவார்.

இப்படலத்தின் இறுதியில் வேடன் மனம் மாறுகின்றான். அவனை மாற்றியது அறிவுரையன்று, கண்டனமும் அன்று. தனக்கு இழப்பு நேராதபடி ஒருவர் பொறுப்பேற்று நின்றதையும், அவர் பொருட்டு ஒரு மான் தன் உயிரையும் பொருட்படுத்தாது மீண்டதையும் அவன் கண்டான். நம்பப்பட்ட உயிர் நம்பிக்கையைக் காத்தது; அதைக் கண்ட உள்ளம் நம்பக் கற்றது. உமறு பாடியது இதனையே. இதனை உணராது மான் பேசுமா, பேசாதா என்று வழக்காடுவோர், பாலைக் கீழே ஊற்றிவிட்டுப் பாத்திரத்தின் வேலைப்பாட்டை ஆராய்பவராவர்.

பிறர் குறையைக் காணுமுன் அவர் நிலையைக் காணும் கண்ணையும், கண்டபின் அவருக்காகப் பிணை நிற்கும் தோளையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.